ஸ்பானிஷ் வீட்டில் ஒரு செமஸ்டர்: சலமாங்காவில் ஹோஸ்ட் குடும்பத்தோடு தங்கிப் படிக்க முழு வழிகாட்டி

ஸ்பானிஷ் படிக்க ஸ்பெயினுக்குப் போகிறவர்கள் முதலில் பல்கலைக்கழகத்தை விசாரிப்பார்கள், அப்புறம் கட்டணம், அப்புறம் விசா. எங்கே தங்குவது என்ற கேள்வி கடைசியில்தான் வரும். அதையும் "எது மலிவு?" என்ற ஒரே கேள்வியோடு முடித்துவிடுவார்கள். நான் இந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்வேன். வகுப்பில் தினமும் நான்கு மணி நேரம் உட்கார்ந்தாலும் பக்கத்தில் இருக்கும் ஜெர்மன்காரரும் ஜப்பான்காரரும் உங்களைப் போலவே தட்டுத்தடுமாறிப் பேசுகிறவர்கள்தான். வாத்தியாரும் உங்களுக்காக வேகத்தைக் குறைத்துத்தான் பேசுவார். வேகம் குறையாத, நிஜமான ஸ்பானிஷ் காதில் விழும் இடம் வீடு. அதிலும் குறிப்பாகச் சாப்பாட்டு மேசை. எந்த வீடு, எந்த வேளைச் சாப்பாடு என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள், மற்றதை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

நான் அங்கே தங்கிப் படித்ததிலிருந்தும், பிறகு என்னிடம் ஸ்பானிஷ் படித்துவிட்டுப் போன மாணவர்கள் வந்து சொன்னதிலிருந்தும் இதை எழுதுகிறேன்.

ஏன் சலமாங்கா?

மாட்ரிட்டிலிருந்து மேற்கே 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், தோர்மெஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது சலமாங்கா. 1218-ல் தொடங்கிய இதன் பல்கலைக்கழகம்தான் ஸ்பெயினில் இன்றும் இயங்கும் பல்கலைக்கழகங்களில் பழையது. வெளிநாட்டவருக்கான ஸ்பானிஷ் வகுப்புகளை அதுவே நடத்துகிறது, தனியார் மொழிப்பள்ளிகளும் ஏராளம். மாணவர்களை வீட்டில் வைத்துக்கொள்வது ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

பார்சலோனாவில் காட்டலான் மொழியும் சேர்ந்து காதில் விழும். மாட்ரிட்டில் ஆங்கிலத்திலேயே காலத்தை ஓட்டிவிடலாம். செவில்லும் கிரனாடாவும் அழகான ஊர்கள், சாப்பாடும் நன்றாக இருக்கும், ஆனால் அவை இருக்கும் ஆந்தலூசியா பகுதிக்காரர்கள் சொல்லின் கடைசி 'ஸ்'-ஐ விழுங்கிவிடுவதால் புதிதாகப் படிக்கிறவர் திணறுவார். சலமாங்காவில் உச்சரிப்பு தெளிவு, ஊரும் சின்னது, எங்கேயும் நடந்தே போகலாம். ஒரே கஷ்டம் குளிர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800 மீட்டர் உயரம் என்பதால் ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். "ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம்" என்று அந்தப் பக்கத்தில் ஒரு சொலவடையே இருக்கிறது.

லத்தீன் அமெரிக்காவில் படிக்க நினைப்பவர்களுக்கு குவாத்தமாலாவின் அன்டிகுவா நல்ல இடம். அங்கே ஒரு மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்ற முறையும் குடும்பத்தோடு தங்குவதும் சேர்ந்தே கிடைக்கும். வீட்டைப் பற்றி இங்கே சொல்வதில் பாதி அங்கேயும் பொருந்தும்.

படி 1: போகும் முன் எந்த அளவு மொழி வேண்டும்

"ஒன்றும் தெரியாமல் போனால் சீக்கிரம் வந்துவிடும்" என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஒன்றும் தெரியாமல் போகிறவர் முதல் மாதம் முழுக்க மேசையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வீட்டாரும் பாவம் பார்த்துச் சைகையிலேயே பேசிப் பழகிவிடுவார்கள். ஏ2 நிலையை (ஐரோப்பிய மொழி அளவுகோலில் இரண்டாம் படி) முடித்துவிட்டுப் போங்கள். தேர்வு எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை, அந்த அளவுக்குப் படித்திருந்தால் போதும். சான்றிதழ் வேண்டுமென்றால் டெலே தேர்வு இருக்கிறது. ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்துவது, டெல்லியிலும் அதற்கு மையம் உண்டு. டெலே சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். இன்னொரு தேர்வான சியெலேயின் மதிப்பெண் ஐந்து வருடத்துக்குத்தான்.

ஒன்றே ஒன்றை மட்டும் கிளம்பும் முன் மனப்பாடமாக்க வேண்டுமென்றால் இறந்தகால வினைகளைச் சொல்வேன். மதியம் மேசையில் உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி "இன்றைக்கு என்ன செய்தாய்?" என்பதுதான். தினமும் வரும். இறந்தகாலம் தெரியாதவர் தினமும் "நன்றாக இருந்தது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார்.

உச்சரிப்பில் நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். ர, ற, ஞ எல்லாம் நாக்கிலேயே இருக்கின்றன. ஆங்கிலேய மாணவர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் 'ர்ர்' நமக்கு அதிகம் படுத்தாது.

படி 2: குடும்பத்தைத் தேர்ந்தெடுப்பது

நேரடியாகத் தேடாமல் பல்கலைக்கழகத்தின் அல்லது மொழிப்பள்ளியின் தங்குமிட அலுவலகம் வழியாகவே போங்கள். பணத்தையும் அவர்களிடமே கட்டுங்கள். வீட்டம்மாவிடம் பேரம் பேசும் வேலையும் இருக்காது, சண்டை வந்தால் நடுவில் நிற்க ஒரு ஆளும் இருப்பார்.

'குடும்பம்' என்றதும் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், ஒரு நாய் என்று கற்பனை செய்யாதீர்கள். பெரும்பாலும் பிள்ளைகள் வேலைக்காக மாட்ரிட்டுக்குப் போய்விட்ட வயதான தம்பதியாகவோ, தனியாக இருக்கும் ஒரு பெண்மணியாகவோ இருப்பார்கள். மொழி கற்க இவர்கள்தான் மேல் என்பது என் கட்சி. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அம்மாவுக்கு உங்களோடு உட்கார்ந்து பேச ஏது நேரம்? சில வீடுகளில் அந்தக் குழந்தைகளின் ஆங்கிலத்துக்கு உங்களை இலவச டியூஷன் ஆளாக்கிவிடவும் கூடும்.

இதில் காசும் இருக்கிறது, வீட்டுத்தனமும் இருக்கிறது. நம் ஊர் பேயிங் கெஸ்ட்டுக்கும் சித்தி வீட்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும் உறவு இது. மாதாமாதம் பணம் வாங்குவதால் அன்பு பொய் என்றும் ஆகாது. அன்பாக இருக்கிறார்கள் என்பதற்காக நள்ளிரவில் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வரவும் முடியாது.

விண்ணப்பத்தில் எழுத வேண்டியவை, கேட்க வேண்டியவை:

- வீட்டில் வேறு மாணவர்கள் உண்டா? இருந்தால் என்ன மொழி பேசுகிறவர்கள்? இன்னொரு ஆங்கிலம் பேசும் மாணவர் இருந்தால் அந்த வீடு வேண்டாம்.
- ஹீட்டிங் அறைக்கு வருமா, எந்த நேரங்களில் ஓடும்?
- நகராட்சிப் பதிவுக்கு முகவரி தருவார்களா? ஆறு மாதத்துக்கு மேல் தங்குகிறவர்களுக்கு இது மிக முக்கியம். காரணம் அடுத்த படியில்.
- துணி துவைத்துத் தருவார்களா, வாரம் எத்தனை முறை? சமையலறையைத் தொடலாமா? பெரும்பாலும் 'தொட முடியாது' என்றுதான் பதில் வரும்.
- புகை, நாய், பூனை.

எல்லாவற்றையும்விடச் சாப்பாட்டு ஏற்பாடு. மூன்று வேளையும் என்றால் 'பென்சியோன் கொம்ப்ளேத்தா', இரண்டு வேளை என்றால் 'மேதியா பென்சியோன்'. இரண்டு வேளை என்பதைப் பல இடங்களில் காலையும் இரவும் என்றே வைத்திருப்பார்கள். காசு மிச்சம் என்று அதை எடுத்துவிடாதீர்கள். ஸ்பெயினில் பெரிய சாப்பாடு மதியம்தான். குடும்பம் முழுசாக உட்கார்வதும், சாப்பிட்டபின் எழாமல் பேசிக்கொண்டிருப்பதும் அப்போதுதான். ராத்திரி ஒரு ஆம்லெட்டோடோ சூப்போடோ டிவி முன்னால் முடிந்துவிடும். மூன்று வேளைக்கும் கட்ட வசதி இல்லையென்றால் இரவை விட்டுவிட்டு மதியத்தைத் தரச்சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

படி 3: விசா, காகிதங்கள்

90 நாள் வரை ஷெங்கன் குறுகியகால விசா போதும். அதற்கு மேல் என்றால் மாணவர் விசா. அனுமதிக் கடிதம், தங்குமிடச் சான்று, பணம் இருப்பதற்கான ஆதாரம், மருத்துவக் காப்பீடு என்பவை அடிப்படை. பண ஆதாரத்துக்கு இப்ரெம் என்ற அரசுக் குறியீட்டைக் கணக்காக வைக்கிறார்கள், 2025-ல் அது மாதம் 600 யூரோ. காப்பீடு எடுக்கும்போது நம் பங்கு கட்ட வேண்டாத, காத்திருப்புக் காலம் இல்லாத பாலிசியாகப் பாருங்கள். விமான டிக்கெட்டோடு வரும் பயணக் காப்பீட்டை ஏற்க மாட்டார்கள்.

180 நாளைத் தாண்டினால் போலீஸ் சான்றிதழும் மருத்துவச் சான்றிதழும் சேரும். போலீஸ் சான்றிதழுக்கு வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை வெளியுறவு அமைச்சகத்திடமிருந்து வேண்டும், ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பும் வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அனுமதிக் கடிதம் வந்த அன்றே தொடங்குங்கள். இப்படி நீண்டகாலம் தங்குகிறவர்கள் ஸ்பெயினில் இறங்கி ஒரு மாதத்துக்குள் டிஐஇ என்ற அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பொதுவாக நகராட்சியில் முகவரி பதிந்த தாளைக் கேட்பார்கள். அந்தப் பதிவுக்கு வீட்டுக்காரரின் சம்மதம் தேவை. சிலர் வரி, வாடகைச் சிக்கலுக்குப் பயந்து மறுத்துவிடுவார்கள். போய் இறங்கியபின் தெரியவந்தால் அலைச்சல்தான்.

தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி பெயர். ஸ்பெயின்காரருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு, அப்பாவுடையது ஒன்று, அம்மாவுடையது ஒன்று. எல்லாப் படிவத்திலும் இரண்டுக்கும் கட்டம் இருக்கும். நமக்கோ இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருப்பவர்களும் நிறையப் பேர். முதல் கட்டத்தில் அப்பா பெயரை ஓரிடத்தில் எழுதி, இன்னோரிடத்தில் உங்கள் பெயரை எழுதினால் அரசுக் கணக்கில் நீங்கள் இரண்டு ஆள். பாஸ்போர்ட்டில் எந்த வரிசையில் எப்படி இருக்கிறதோ அப்படியே பல்கலைக்கழகம், காப்பீடு, வங்கி, நகராட்சி எல்லாவற்றிலும் எழுதுங்கள். இரண்டாவது கட்டத்தைக் காலியாக விடுங்கள். எழுத்தர் கேட்டால் "எனக்கு ஒன்றுதான்" என்று சொல்லிவிடுங்கள்.

படி 4: பெட்டி

வீட்டம்மாவுக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்று தோன்றும், கொண்டுபோகவும் வேண்டும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் எடுத்துவர அனுமதி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் வீட்டு நெய்யும் பெட்டியில் ஏறக்கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சுகாதாரச் சான்று கேட்பார்கள். கடலை மிட்டாய் பிரச்சினையில்லை, அவர்களுடைய பாதாம் மிட்டாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி என்பதால் எல்லா வீட்டிலும் நல்ல பெயர் வாங்கும். காரம் வேண்டாம். ஸ்பெயின்காரரின் நாக்கு மிளகாய்க்குப் பழகியதில்லை. உங்களுக்கு மிதமான முறுக்கே அவர்களுக்குத் தண்ணீர் குடிக்க வைக்கும். கைத்தறித் துண்டு, சின்ன மேசை விரிப்பு போன்றவை பத்திரமான தேர்வு.

உங்களுக்காக: இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ஒரு பாட்டில் நல்லெண்ணெய். ஹீட்டர் ஓடும் அறையில் உதடு வெடிக்கும் என்பதால் களிம்பு. இரண்டு முள் உருண்டைப் பிளக் அங்கே போகும், மூன்று முள் போகாது, அடாப்டர் வேண்டும். வீட்டுக்குள் போட ஒரு ஜோடி மூடிய செருப்பு. இதைப் பற்றிக் கீழே இன்னும் சொல்கிறேன், மறக்காதீர்கள்.

சென்னையிலிருந்து மாட்ரிட்டுக்கு நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா வழியாகப் போகிறவர்கள்தான் அதிகம். மாட்ரிட் விமான நிலையத்திலிருந்தே சலமாங்காவுக்குப் பேருந்து உண்டு, மாட்ரிட் நகருக்குள் வந்து ரயிலும் ஏறலாம். வந்துசேரும் நேரத்தை வீட்டாருக்கு முன்பே வாட்ஸப்பில் சொல்லிவிடுங்கள். மதியம் இரண்டரைக்கோ இரவு பத்துக்கோ போய் மணியடித்தால் சாப்பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து வருவார்கள்.

படி 5: முதல் நாள்

கதவைத் திறந்ததும் வீட்டம்மா கன்னத்தோடு கன்னம் வைத்து இரண்டு முறை முத்தமிடுவார். பெண்ணானாலும் ஆணானாலும் அப்படித்தான். உண்மையில் கன்னம் உரசுவதோடு சரி. கூச்சமாக இருந்தால் கையை நீட்டிவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பேச்சில் மரியாதைச் சொல்லான 'உஸ்தெத்' போட்டுத் தொடங்குவது நமக்கு இயல்பு. அவர் உடனே "'தூ' என்றே கூப்பிடு" என்பார். எழுபது வயதுக்காரரை 'நீ' என்பதா என்று மனசு அடித்துக்கொள்ளும். அவர் சொன்னபிறகும் 'உஸ்தெத்'திலேயே நின்றால் விலகி நிற்பதாக நினைப்பார், மாறிவிடுங்கள். பாட்டி, தாத்தா யாராவது இருந்தால் அவர்களிடம் மட்டும் 'உஸ்தெத்' வைத்துக்கொள்ளலாம். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், 'ஆன்ட்டி' எல்லாம் அங்கே கிடையாது.

அன்றைக்கே கேட்டுவிட வேண்டியவை: சாவி எப்படித் திரும்பும் (பழைய கதவுகளுக்கு ஒரு தனி வித்தை உண்டு), சுடுதண்ணீர் எவ்வளவு நேரம் வரும், குளிக்க எந்த நேரம் வசதி, சாப்பாட்டுக்கு வர முடியாவிட்டால் எப்போதைக்குள் சொல்ல வேண்டும், இரவு தாமதமானால் தகவல் சொல்ல வேண்டுமா. வயது வந்தவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு பொதுவாக இல்லை. வியாழன், சனிக்கிழமைகளில் சலமாங்கா மாணவர்கள் விடிய விடிய சுற்றுவது ஊரறிந்தது. சாப்பாட்டுக்கு வராமல், சொல்லாமலும் இருப்பதுதான் பெரிய குற்றம்.

படி 6: மேசை

கடிகாரத்துக்குப் பழகவே ஒரு வாரம் ஆகும். காலையில் காப்பியும், தக்காளி தேய்த்து ஆலிவ் எண்ணெய் விட்ட ரொட்டியும் மட்டும், பல வீடுகளில் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நம் வயிறு பன்னிரண்டரைக்கே கூப்பாடு போடும். மதியச் சாப்பாடு இரண்டரைக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. நடுவில் பதினோரு மணிக்குப் பல்கலைக்கழகக் கேன்டீனில் ஒரு துண்டு 'தொர்த்தீயா', அதாவது உருளைக்கிழங்கு போட்ட கெட்டி முட்டை அடை, சாப்பிட்டுக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

மதிய மேசை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். முதலில் ஒரு ஆழத் தட்டில் பருப்போ கொண்டைக்கடலையோ காய்கறிச் சூப்போ வரும். அது முழுச் சாப்பாடு என்று நினைத்து இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு மாட்டாதவர் குறைவு. அதற்கப்புறம்தான் இறைச்சியோ மீனோ கொண்ட இரண்டாம் தட்டு. கடைசியில் பழம் அல்லது தயிர். ரொட்டியைத் தட்டில் வைக்க மாட்டார்கள், விரிப்பின்மேலேயே பக்கத்தில் கிடக்கும். கையால் பிய்த்துக் குழம்பைத் துடைத்துச் சாப்பிடலாம், அதில் நமக்குப் பயிற்சியே வேண்டாம். ஆரஞ்சைக் கூடக் கத்தியால் சுற்றிச் சுற்றிச் சீவிச் சாப்பிடுகிற பெரியவர்களைப் பார்க்கலாம். இரண்டு கையும் மேசைமேல் தெரிகிறமாதிரி இருக்க வேண்டும்.

டிவி ஓடிக்கொண்டிருக்கும். மூன்று மணிச் செய்தி, அது முடிந்து இரண்டாம் சேனலில் 1997-லிருந்து ஓடும் 'சபேர் இ கனார்' வினாடிவினா. கேள்வி திரையில் எழுத்தாகவும் வரும் என்பதால் படிக்கிறவனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஒரே நேரத்தில் மூன்று பேர் பேசுவார்கள், குரல் ஏறும், ஒருவர் முடிக்குமுன் அடுத்தவர் புகுந்துவிடுவார். சண்டை என்று பயப்பட வேண்டாம். உங்கள் முறை வரும் என்று காத்திருந்தால் பழம் வந்துவிடும், உங்கள் முறை வராது. நடுவில் புகுந்து பேசப் பழகுங்கள். வாக்கியம் பாதியில் அறுந்தாலும் பரவாயில்லை, யாராவது முடித்துக்கொடுப்பார்கள். அப்படி முடித்துக்கொடுத்த வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள், அங்கேதான் மொழி ஒட்டும்.

ஆங்கிலவழியில் படித்து வந்தவர்கள் ஒரு விஷயத்தில் தவறாமல் அந்நியமாகத் தெரிவார்கள். ரொட்டிக்கு ஒரு 'தயவுசெய்து', உப்புக்கு ஒரு 'நன்றி', தண்ணீருக்கு இன்னொரு 'நன்றி'. நம் வீட்டில் அம்மாவிடம் குழம்பு ஊற்றச் சொல்லும்போது நன்றி சொல்கிறோமா? அவர்களும் சொல்வதில்லை. "ரொட்டியைத் தள்ளேன்" என்றால் போதும். மாறாக, சாப்பாடு நன்றாக இருந்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "எஸ்தா ரிக்கீசிமோ!" இதை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் தப்பில்லை.

சாப்பிட்டு முடித்ததும் எழுந்து தட்டைக் கழுவப் போவது நம் வளர்ப்பு. தட்டைச் சமையலறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்காருங்கள். அந்த அரை மணி, முக்கால் மணிப் பேச்சுக்கு 'சோப்ரேமேசா' என்று பெயர். ஊர்வம்பு, அரசியல், பென்ஷன், மருமகள் எல்லாம் அங்கேதான் வெளிவரும். அறைக்குள் போய்ப் பாடம் எழுதலாம் என்று எழுந்துவிடுகிறவர்கள் நல்ல வகுப்பைத் தவறவிடுகிறார்கள்.

படி 7: சைவர்களுக்கு

சலமாங்கா மாவட்டத்தின் கிஹுவேலோ பன்றித்தொடைக்குப் பேர்போன ஊர். ஊரின் பெருமைக்குரிய 'ஓர்னாசோ'வும் பன்றி இறைச்சி அடைத்த ரொட்டிதான். இந்த நிலவரத்தில் "நான் சைவம்" என்று மட்டும் சொன்னால் சூரை மீன் போட்ட சாலட் வரும். பருப்பில் நிறத்துக்கும் மணத்துக்கும் ஒரு துண்டு சொரீசோ என்ற பன்றி இறைச்சிச் சாஸேஜ் மிதக்கும். "இறைச்சியை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடு" என்பார்கள், அவர்களுக்கு அது நியாயமாகவே படும். எனவே பட்டியலாகச் சொல்லுங்கள்: "நோ கோமோ கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன், நி ஆதூன், நி கால்தோ தே கார்னே." இறைச்சி, மீன், பன்றித்தொடை, சூரை, இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம் என்று பொருள். முட்டை சாப்பிடுவீர்களா என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். முட்டையும் வேண்டாம் என்றால் வீட்டில் தங்குவது நடைமுறையில் சிரமம். சமையலறை தரும் வீடாகத் தேடுவதே உத்தமம்.

சாப்பிடக் கிடைப்பது: காய்கறி மட்டும் போட்ட பருப்பு, கீரையும் கொண்டைக்கடலையும், தக்காளிக் கூட்டு மாதிரியான 'பீஸ்த்தோ', கோடையில் குளிர்ந்த தக்காளிச் சூப்பான 'கஸ்பாச்சோ'. 'குரோக்கேத்தா' என்ற உருண்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள், பெரும்பாலும் உள்ளே பன்றித்தொடை இருக்கும்.

படி 8: வீட்டுக்குள் கவனிக்க வேண்டியவை

வெறுங்காலோடு நடக்காதீர்கள். செருப்பை வாசலில் விட்டு வருவது நமக்கு மரியாதை. அவர்களுக்கு வெறுங்கால் என்றால் சளி, காய்ச்சல், வயிற்று வலி எல்லாம் அதன் வழியாகத்தான் வரும். தெருச் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுச் செருப்புக்கு மாறிவிடுங்கள், இரண்டு தரப்புக்கும் திருப்தி.

குளியலறை தரையில் வடிகால் இருக்காது. தொட்டிக்குள்ளேயே, திரையை உள்ளே இழுத்துவிட்டுக் குளிக்க வேண்டும். வெளியே சிந்திய தண்ணீர் கீழ்வீட்டுக் கூரைக்குப் போகும், மறுநாள் கீழ்வீட்டுக்காரர் மேலே வருவார். காலையும் மாலையும் குளிப்பதும் அங்கே ஆடம்பரம். சில பழைய வீடுகளில் தண்ணீர் சூடாவது ஆரஞ்சு நிற பியூட்டேன் சிலிண்டரில், நம் சிலிண்டர் போலவே அதையும் ஆள் கொண்டுவந்து போடுவார். மின்கட்டணமும் நேரத்துக்கு நேரம் மாறும், 2021-லிருந்து அப்படி. அறையை விட்டு வெளியே வரும்போது விளக்கை அணைக்காத பிள்ளையை எந்த வீட்டம்மாவும் மன்னிக்க மாட்டார். தண்ணீர்க் குழாய் கழிவறையில் இருக்காது, பழைய வீடுகளில் பக்கத்திலேயே கழுவிக்கொள்ளத் தாழ்வான தொட்டி இருக்கும்.

தேங்காயெண்ணெய் தேய்த்த தலையோடு படுப்பவர்கள் தலையணைமேல் ஒரு பழைய துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் பழைய வீடுகளின் கூடத்தில் ஒரு வட்ட மேசை இருக்கும், தரை வரை தொங்கும் கனத்த துணி போர்த்தி. அதன் அடியில் ஒரு மின்கணப்பு. எல்லோரும் துணியைத் தொடைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு கால்களை உள்ளே நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். முதுகு குளிரும், முட்டி வேகும். எழுந்து போக மனசு வராது, பேச்சுதான் வளரும். அப்படி ஒரு மேசை உள்ள வீடு கிடைத்தால் அறை சின்னதாக இருந்தாலும் விடாதீர்கள்.

படி 9: வெளியிலும் பேச்சு

வீட்டம்மா சந்தைக்குப் போகும்போது பையைத் தூக்கக் கூடப் போங்கள். பிளாசா மயோர் சதுக்கத்தை ஒட்டியே ஊரின் மையச் சந்தை இருக்கிறது. கடை முன்னால் வரிசை இருக்காது, கூட்டமாகத்தான் நிற்பார்கள். ஆனால் வரிசை உண்டு: வந்தவர் "கியென் எஸ் லா ஊல்த்திமா?", கடைசி ஆள் யார் என்று கேட்பார், ஒருவர் கையைக் காட்டுவார், அவருக்குப் பின்னால் நாம். கேட்காமல் முன்னால் போனால் பாட்டிகளிடம் நல்லா வாங்கிக்கட்டிக்கொள்ளலாம்.

மாலையில் பிளாசா மயோர். 1755-ல் கட்டி முடித்த சதுக்கம். யாரைச் சந்திப்பதானாலும் 'கடிகாரத்துக்குக் கீழே' என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலம் கற்க விரும்பும் உள்ளூர் மாணவரோடு ஆளுக்கு அரை மணி என்று மொழி மாற்றிக்கொள்வது செலவில்லாத வழி, பல்கலைக்கழகப் பலகைகளில் விளம்பரம் ஒட்டியிருக்கும். ஈஸ்டர் ஞாயிறுக்குப் பின் வரும் இரண்டாம் திங்களில் 'லூனெஸ் தே ஆகுவாஸ்' என்று ஊரே ஆற்றங்கரைக்குச் சாப்பாட்டு மூட்டையோடு போகும், நம் ஆடிப்பெருக்குக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவது போல. கூப்பிட்டால் கட்டாயம் போங்கள்.

படி 10: சரிவராவிட்டால்

சின்னக் குறைகளை வீட்டம்மாவிடமே, அந்த வாரமே சொல்லிவிடுங்கள். போர்வை போதவில்லை, மேசையில் வெளிச்சம் இல்லை, எண்ணெய் கொஞ்சம் அதிகம். நேராகச் சொல்வதை அங்கே யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை. சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு அலுவலகத்தில் புகார் கொடுத்தால்தான் வருத்தப்படுவார்கள். என் மாணவி ஒருத்தி டிசம்பர் முழுக்கக் கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்கினாள். அலமாரியின் மேல்தட்டில் இரண்டு கம்பளிகள் இருந்தது கேட்டபிறகுதான் தெரிந்தது.

கட்டிய சாப்பாட்டைத் தராமல் விடுவது, ஆங்கிலத்திலேயே பேசுவது, நிறத்தையோ மதத்தையோ வைத்துக் குத்திப் பேசுவது இவையெல்லாம் வேறு கணக்கு. தங்குமிட அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து வீடு மாறுங்கள். மாற்றுவது அவர்களுக்குப் புதிதல்ல, உங்களுக்கும் கெட்ட பெயர் இல்லை. யாராவது எல்லை மீறினால் காத்திருக்காமல் அன்றே வெளியேறுங்கள். அவசர எண் 112.

படி 11: கிளம்பும்போது

கிறிஸ்துமஸ் வாரத்தில் வீட்டிலேயே இருக்கலாமா என்பதை நவம்பரிலேயே கேட்டுவிடுங்கள், சில குடும்பங்கள் சொந்த கிராமத்துக்குப் போய்விடும். செமஸ்டர் முடிந்து கிளம்பும்போது படுக்கை விரிப்பை உருவி மடித்து வையுங்கள், சாவியைக் கையில் கொடுங்கள், முன்பணம் கட்டியிருந்தால் திரும்பப் பெறுவதற்கான தாளை அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கடைசி வாரம் ஒரு மதியம் சமைத்துப் போட அனுமதி கேளுங்கள். தக்காளிச் சாதமும் உருளை வறுவலும் போதும், மிளகாயைப் பாதியாகக் குறைத்து.

ஊருக்கு வந்தபின் மொழி துருப்பிடிக்காமலிருக்க அந்த வீட்டோடு பேச்சைத் தொடருங்கள். ஸ்பெயின்காரர்கள் வாட்ஸப்பில் எழுதுவதைவிட நீள நீளமான குரல்பதிவாக அனுப்புவார்கள். பதிலுக்கு நீங்களும் குரலிலேயே அனுப்புங்கள், எழுதித் தப்பிக்காதீர்கள். ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு வாழ்த்துச் சொல்ல மறக்க வேண்டாம். போனில் நேரடியாகப் பேச வேண்டுமென்றால் அவர்களுடைய மாலை நாலு மணி நல்ல நேரம். நமக்கு அது கோடையில் இரவு 7.30, அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை 8.30.